'பய்யா' வேஷத்துக்குச் சிரிப்பு விழுது, ஆனா மனசு உறுத்துது: என்ன செய்ய?

கேள்வி:

சாருக்கு வணக்கம். எனக்கு 26 வயசு, ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மிமிக்ரி டீம் வைத்திருக்கிறோம். சர்ச் திருவிழா, கோயில் கொடை, கிளப் ஆண்டு விழா என்று சீசனில் ஓரளவு புக்கிங் வரும். எங்கள் ஷோவில் நன்றாக ஓடுவது நான் செய்யும் 'பய்யா' கேரக்டர்தான். பரோட்டா கடையில் வேலை பார்க்கும் வடநாட்டு ஆள். பல்லில் பாக்குக் கறை, கிழிஞ்ச பனியன், தப்புத் தப்பான தமிழ், எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு மாற்றிச் செய்வது. ரீல்ஸும் நல்லா போச்சு. போன மாதம் ஒரு சர்ச் திருவிழாவில் செய்தபோது பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை பார்க்கிற வடநாட்டுப் பையன்கள் நாலைந்து பேர் பின்னால் நின்று பார்த்தார்கள். கூட்டத்தில் சிலர் அவர்களைத் திரும்பிப் பார்த்துக் கைகாட்டிச் சிரித்தார்கள். மற்றவர்கள் கிளம்பிப் போய்விட, ஒருவன் மட்டும் கடைசி வரை சிரித்துக்கொண்டே நின்றான். அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்து ஒரு கடற்கரை ஊரில் செவன்ஸ் ஃபுட்பால் (டீமுக்கு ஏழு பேர் ஆடுவது) ஃபைனல் ராத்திரி ஷோ. ஆப்பிரிக்கா பிளேயர்கள் வந்து ஆடுகிற டோர்னமென்ட். முகம், கை எல்லாம் கறுப்பு மை பூசி 'ஆப்பிரிக்கா பிளேயர்' கேரக்டர் செய்யச் சொல்லி கமிட்டியில் அட்வான்ஸ் தந்துவிட்டார்கள். டீமில் ஒருத்தன் வேண்டாம் என்கிறான். மற்றவர்கள், "மலையாளத்தான் நம்மளப் பாண்டின்னு கிண்டல் பண்ணலியா, மெட்ராஸ்காரன் நம்ம பேச்சக் கிண்டல் பண்ணலியா, நாம சிரிச்சிட்டுத்தானே போறோம்" என்கிறார்கள். காமெடியன் வேறு இனத்து ஆளாக நடித்துச் சிரிக்க வைப்பது தப்பா சார்?

பதில்:

தம்பி, அட்வான்ஸ் வாங்கிவிட்டீர்கள், நாளும் நெருங்குகிறது, அதனால் மை விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். பூசாதீர்கள். ஸ்கிரிப்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, கமிட்டித் தலைவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும் சரி, மை பூசிக்கொண்டு ஆப்பிரிக்கராக மேடை ஏறாதீர்கள். பய்யா கேரக்டரைப் பற்றி நிறையப் பேச இடமிருக்கிறது, திருத்தலாம், மாற்றலாம். மைக்கு அந்த இடமே இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள், கமிட்டிக்காரரும் கேட்பார். அமெரிக்காவில் 1830-களில் தாமஸ் ரைஸ் என்றொரு வெள்ளைக்கார நடிகர் தக்கையை எரித்த கரியை முகத்தில் பூசி, கந்தல் உடுத்தி, 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பர் வேஷத்தில் ஆடிப் பாடினார். கூட்டம் அள்ளியது, அவரைப் பார்த்து நூற்றுக்கணக்கானவர்கள் அதே வேஷத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். அப்போது அந்த நாட்டில் சுமார் 20 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகள், பிள்ளையை ஒரு பக்கமும் தாயை இன்னொரு பக்கமும் விற்றுவிடலாம், அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1865-ல்தான். மேடையில் என்ன காட்டினார்கள்? கறுப்பன் என்றால் சோம்பேறி, மக்கு, எந்நேரமும் ஆட்டம் பாட்டம், அவனுக்குக் கவலையே கிடையாது. பார்த்தவன் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனான், ஏனென்றால் அப்படி நம்புவது அவனுக்கு வசதி. பிற்பாடு ரயிலில் தனிப் பெட்டி, பள்ளியில் தனி இடம் என்று கறுப்பரை ஒதுக்கிய சட்டங்களை ஊர் உலகம் 'ஜிம் க்ரோ சட்டங்கள்' என்றே சொன்னது. ஒரு காமெடி வேஷத்தின் பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் பிபிசி 1958 முதல் 1978 வரை இந்த மை பூசிய பாட்டு நிகழ்ச்சியை நடத்தியது. 1967-ல் நிறுத்தச் சொல்லி மனு போனது. அதற்குப் பிறகும் பத்து வருஷம் ஓடியதற்குக் காரணம், பார்க்கிறவர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள்.

'அது அமெரிக்கா கதை, நமக்கு என்ன' என்று உங்கள் டீமில் ஒருத்தர் சொல்வார். சரி, நம் கதைக்கே வருவோம். நம் வீடுகளில் கறுப்பாகப் பிறந்த பெண் பிள்ளை என்னென்ன பேச்சுக் கேட்டு வளர்கிறாள்! நீங்கள் மை பூசிக்கொண்டு மேடைக்கு வந்த உடனே, ஒரு வசனம் பேசும் முன்னாலேயே சிரிப்பு விழும், அது உங்களுக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும், அதற்காகத்தான் கேட்கிறார்கள். அந்தச் சிரிப்பு உங்கள் நடிப்புக்கு விழுந்ததில்லை, நிறத்துக்கு விழுந்தது. முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் கறுப்பு? அதுகளும் சேர்ந்து சிரிக்கும், வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்க்கும்.

அப்புறம், அந்த பிளேயர். சாயங்காலம் அதே மைதானத்தில் அவர் கோல் அடிக்கும்போது ஊரே எழுந்து நின்று கத்தியிருக்கும், ராத்திரி அவர் நிறத்தைப் பூசிக்கொண்டு ஒருத்தன் கோமாளித்தனம் செய்வதை அவர் அங்கே உட்கார்ந்தே பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் அரீக்கோட்டில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர் ஒருவரைக் கூட்டம் விரட்டி அடித்தது. நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று அவர் போலீசில் புகார் கொடுத்தார். செவன்ஸ் பார்க்கிற கூட்டம் எப்படிச் சூடாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்கப் போகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரிய கேள்வி. வேறு இனத்து ஆளாக நடிப்பதே தப்பா? இல்லை. அப்படி ஒரு விதி போட்டால் முதலில் எதிர்க்கிறவன் நானாகத்தான் இருப்பேன். தான் அல்லாத ஒருவராக மாறுவதுதான் நடிகனின் வேலை, அதுவும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பிறப்பிலேயே கொஞ்சம் வருகிறது, வீட்டில் ஒரு பேச்சு, சந்தையில் ஒரு பேச்சு, களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் இன்னொரு பேச்சு என்று காது பழகியே வளர்கிறோம். அந்தக் காதை மூடிக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்று செய்யச் சொல்வேன், நீங்களும் இன்றைக்கே செய்து பாருங்கள். பய்யா கேரக்டரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பக்கத்துக் கருங்கல் ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு நம்மூர்ப் பையனை வைத்து, அதே ஸ்கிட்டை டீமுக்குள் ஒருமுறை ஓட்டுங்கள். எங்கெல்லாம் இன்னும் சிரிப்பு வருகிறதோ அங்கெல்லாம் காமெடி இருக்கிறது. எங்கெல்லாம் சிரிப்பு நின்றுவிட்டதோ அங்கெல்லாம் இத்தனை நாளும் அந்த மனுஷனின் பிறப்புதான் சிரிப்பு காட்டியிருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கிறதை வைத்தே சொல்கிறேன்: பாக்குக் கறையும் கிழிஞ்ச பனியனும் ஜோக்கே கிடையாது, வறுமையையும் பழக்கத்தையும் ஓர் இனத்தின் முகமாக ஒட்டி வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஆர்டரைத் தப்பாகக் கேட்டு மாற்றிக் கொண்டுவருவது உலகத்தில் எந்த மேடையிலும் நிற்கிற காமெடி, அதை விட்டுவிடாதீர்கள்.

டீம்காரர்களின் வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் - கொச்சியில் இருந்தோம், இன்றைக்கும் வடக்கே போனால் 'நீங்க மலையாளியா' என்று கேட்கிறார்கள், திருவனந்தபுரம் போனால் பாண்டி. இரண்டு பக்கமும் கிண்டல் வாங்குகிற மாவட்டம் இது. ஆனால் 'சிரிச்சிட்டுப் போறோம்' என்கிற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். எல்லாரும் சிரித்துவிட்டா போனார்கள்? சென்னையில் காலேஜில் சேர்ந்ததும் முதல் வாரத்திலேயே ஊர்ப் பேச்சை மாற்றிக்கொண்ட பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். 1968-ல் 'படோசன்' என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் ஒரு தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்தார், குடுமியும் நெற்றிப் பட்டையும் 'ஐயோ'வுமாக. மெஹ்மூத் பெரிய கலைஞர், அதில் எனக்கு மறுப்பில்லை, டைமிங் கற்றுக்கொள்ள அந்தப் பாட்டுப் போட்டியைப் பார்க்கலாம். ஆனால் அதன் பிறகும் பல வருஷம் இந்திப் படத்தில் தமிழன் என்றால் அதே அச்சில்தான் வார்த்தார்கள், அது நமக்குப் பிடித்திருந்ததா? பிடிக்கவில்லை. கோபப்பட்டோம். இன்னும் கோபப்படுகிறோம்.

ஆனாலும் நமக்கு ஒரு வழி இருந்தது. நமக்குச் சொந்தமாகச் சினிமா உண்டு, மேடை உண்டு, பத்திரிகை உண்டு, மார்வாடி சேட்டையும் டீக்கடை நாயரையும் வைத்து நாமும் திருப்பிக் கொடுத்தோம். அது சரியா என்பது வேறு பேச்சு, திருப்பிக் கொடுக்க முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். சூளையில் வேலை பார்க்கிற அந்தப் பையன் எந்த மேடையில் ஏறித் திருப்பிக் கொடுப்பான்?

அமெரிக்காவில் ஒரு கார்ட்டூன் தொடரில் 1990 முதல் அபு என்றொரு இந்தியக் கடைக்காரர் கேரக்டர் வந்தது. குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். 2017-ல் அங்கேயே பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளி காமெடியன் ஹரி கொண்டபோலு அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் பேசியவர்கள், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அந்தக் குரலைப் பேசிக்காட்டித் தங்களை எப்படி ஓட்டினார்கள் என்று சொன்னார்கள். 2020-ல் அசாரியா அந்தக் குரலை விட்டார், மறு வருஷம் மன்னிப்பும் கேட்டார். இதில் கவனிக்க வேண்டியது, அபு கெட்டவன் கிடையாது, உழைப்பாளி, நல்ல மனுஷன். சிக்கல் என்னவென்றால் ரொம்ப காலம் அமெரிக்க டிவியில் இந்தியன் என்று பார்க்க வேறு ஆள் அநேகமாக இல்லை. பத்து விதமான இந்தியர்கள் திரையில் வந்துபோயிருந்தால் அவர் பத்தில் ஒருவராகப் போயிருப்பார்.

நம் ஊர்த் திருவிழா மேடைகளில் வடக்கிலிருந்து வந்த தொழிலாளிக்கு எத்தனை முகம் இருக்கிறது? பிள்ளைகுட்டியோடு வாடகை வீட்டில் இருக்கிறவர், மகளை நம்மூர் அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறவர், போட்டில் நம் ஆட்களோடு சேர்ந்து வலை இழுக்கிறவர், இவர்களில் யாரையாவது மேடையில் பார்த்திருக்கிறீர்களா? இருப்பது ஒரே முகம், அது நீங்கள் போடுகிற முகம். உங்கள் மேல் இவ்வளவு பாரம் விழுவது நியாயமில்லை என்று தோன்றலாம், ஆனாலும் விழுகிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது எத்தனையோ பேர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள், பீகார் அரசு இங்கே ஒரு குழுவையே அனுப்பியது. வீடியோ பொய்தான், பயம் உண்மை. 'இந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைப் பிடிக்குமா' என்ற கேள்வி அவர்கள் மனசில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு அன்று ராத்திரி உங்கள் மேடையில் பதில் கிடைத்துவிட்டதாக அவர்கள் நினைத்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஷோ முடிந்ததும் நீங்கள் வேனில் ஏறிவிட்டீர்கள், அவர்கள் அதே கூட்டத்துக்கு நடுவே நடந்து சூளைக்குப் போயிருப்பார்கள்.

அந்த ஒருவன் சிரித்துக்கொண்டே நின்றான் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அவனுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கலாம். அவ்வளவு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்கும்போது சிரிக்காமல் நிற்பது பயமாகவும் இருந்திருக்கலாம். மேடையில் நின்று அதைக் கண்டுபிடிக்க முடியாது, இங்கே உட்கார்ந்து நானும் சொல்ல முடியாது. போய்க் கேளுங்கள். சூளை பக்கத்தில்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், செல்ஃபோன் கேமராவை எடுக்காமல் போங்கள், டீம் மொத்தமும் போய் நிற்காமல் நீங்களும் அந்த 'வேண்டாம்' சொன்ன பையனும் மட்டும் போங்கள். ஊர் எது, வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ ஒடியாவோ சந்தாலியோ பேசி, வெளியில் இந்தி பேசி, இங்கே வந்து தமிழ் பேசுகிறவன் அவன். உங்கள் ஸ்கிட்டில் தப்புத் தமிழ் என்று சிரிக்கிறோமே, அது அவனுக்கு மூணாவது பாஷை. நம்மைப் பார்த்து அவர்களுக்கு எதெல்லாம் சிரிப்பாக வருகிறது என்று கேளுங்கள், கொஞ்சம் பழகியதும் நிச்சயம் சொல்வார்கள், உங்களுக்கு ஒரு மணி நேர ஷோவுக்குச் சரக்கு கிடைக்கும்.

எழுத வேண்டியது அங்கேதான் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், பரோட்டா கடையில் உண்மையான காமெடி யார் பண்ணுகிறார்? முதலாளி. "அரே பய்யா, ஜல்தி ஜல்தி அந்தக் குருமாவ இங்க லாவோலே" என்று அவர் பேசுகிற இந்தி. சத்தமாகச் சொன்னால் தமிழ் புரிந்துவிடும் என்று நினைத்துக் கத்துகிற கஸ்டமர். இவர்கள் நம் ஆட்கள், கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள், தங்களையே மேடையில் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இன்னொன்று: கன்னியாகுமரி பார்க்க வந்த சென்னைக் குடும்பம் சாப்பிட வருகிறது, முதலாளி பேசுகிற நம்மூர்த் தமிழ் அவர்களுக்குப் பாதி விளங்கவில்லை, மூணு வருஷமாக இங்கேயே கிடக்கிற பய்யா நடுவில் வந்து ரெண்டு பக்கத்துக்கும் எடுத்துச் சொல்கிறார். இதிலும் நீங்கள் பய்யாவாகத்தான் நடிக்கிறீர்கள், வேஷம் மாறவில்லை. ஆனால் அந்தக் கடையிலேயே விவரமான ஆள் அவர்தான். பிரிட்டனில் இந்திய வம்சாவளி நடிகர்கள் 1998-ல் பிபிசியில் இப்படித்தான் ஒன்று செய்தார்கள். அங்கே வெள்ளைக்காரர்கள் குடித்துவிட்டு இந்திய ஓட்டலுக்குப் போய் 'இருக்கிறதிலேயே காரமானதைக் கொண்டா' என்று அலப்பறை பண்ணுவது வழக்கம், அதைத் திருப்பி, இந்தியர்கள் இங்கிலீஷ் ஓட்டலுக்குப் போய் 'இருக்கிறதிலேயே சப்பென்று இருப்பதைக் கொண்டா' என்று கேட்பதாக. யாரும் புண்படவில்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் வலிக்க வேண்டியவருக்கு வலித்தது.

இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தனார் கதை சொல்கிற அதே முறையில், ஒடுக்கப்பட்ட குலத்துப் பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து ஆளாகிற கதை. நினைத்திருந்தால் அந்தப் பையனின் நடையை, உடையை, பேச்சை வைத்து எளிதாகக் கூட்டத்தைச் சிரிக்க வைத்திருக்கலாம், அந்தக் காலத்து மேடையில் அதுதான் வழக்கமும். அவர் குறி வைத்தது அவனைப் படிக்க விடாத ஊரை. காமெடி குறையவே இல்லை. நம் மண்ணில் பிறந்தவர் காட்டிக் கொடுத்துவிட்டுப் போன வழி இது.

கோயில் கொடைகளில் ஆடிய குறவன் குறத்தி ஆட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன பிறகு 2023-ல் அரசு தடையே போட்டது. தங்கள் இனத்துப் பெயரை வைத்து ஆபாசமாக ஆடுகிறார்கள் என்று அந்த மக்கள் எத்தனையோ காலம் சொல்லிப் பார்த்தார்கள், மேடைக்காரர்கள் யாரும் காதில் வாங்கவில்லை, கடைசியில் அரசாணை வந்து நிறுத்தியது. தடை வந்து நிற்பதைவிட நாமாகவே திருத்திக்கொள்வது கலைக்கும் மரியாதை, வயிற்றுப் பிழைப்புக்கும் நல்லது. நரிக்குறவர் 'ஊசி பாசி' ஸ்கிட், பேச்சிப்பாறை பக்கத்துக் காணி மக்களை வைத்துச் செய்கிற ஸ்கிட் எதுவும் உங்கள் டீமிடம் இருந்தால் அதையும் இந்தக் கையோடு எடுத்து வையுங்கள்.

பழைய ரீலை எடுத்துவிடுங்கள். வியூஸ் போகுமே என்று வருத்தமாக இருக்கும், ஆனால் அதன் கீழே வந்திருக்கிற கமெண்ட்களை ஒருமுறை முழுசாக உட்கார்ந்து படியுங்கள், உங்கள் நடிப்பைப் பாராட்டியவை எத்தனை, அந்த மக்களைத் திட்டியவை எத்தனை என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். மேடையிலாவது உங்கள் முகத்தைப் பார்த்து 'இது விளையாட்டு' என்று புரிந்துகொள்வார்கள், முப்பது விநாடி வீடியோ யார் கையில் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஃபுட்பால் ராத்திரிக்கு வருவோம். கமிட்டிக்கு வேண்டியது சிரிப்பு, மை கிடையாது. இதை எழுதிப் பாருங்கள்: கமிட்டி உறுப்பினர் ஒருத்தர், வெளிநாட்டு பிளேயரைக் கவனிக்கிற பொறுப்பு அவருக்கு. இங்கிலீஷ் வராது, ஆனால் மைக் பிடித்தால் விடமாட்டார். பிளேயர் பெயரை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக அறிவிக்கிறார். 'எங்க ஊரு ஸ்பெஷல், நீ வாழ்க்கையிலேயே பார்த்திருக்க மாட்டே' என்று பெருமையாக மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் கறியும் கொண்டுவந்து எப்படிச் சாப்பிடணும் என்று பாடம் நடத்துகிறார். உலகத்திலேயே அதிகமாக மரச்சீனி விளைகிற நாடு நைஜீரியா, மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்ததிலிருந்து தின்கிற கிழங்கு அது! பிளேயரை மேடையில் காட்டவே வேண்டாம், பக்கத்து அறையில் இருப்பதாக வைத்து உறுப்பினர் போய்ப் போய் வந்து பேசினாலே போதும். அல்லது அந்த பிளேயரிடம் முன்கூட்டியே கதையைச் சொல்லி, அவருக்கு விருப்பம் இருந்தால், கடைசியில் அவரே மேடைக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு 'எங்க அம்மா இதைவிட நல்லா வேகவைப்பாங்க' என்று சொல்லட்டும். அந்த ஒரு வரிக்கு விழுகிற கைதட்டலை எந்த மையாலும் வாங்க முடியாது. அவருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும், அதையும் கமிட்டியிடம் பேசிவிடுங்கள்.

கமிட்டியிடம் ஃபோனில் பேசாமல் நேரில் போங்கள். "அண்ணே, அந்தப் பையன் அடுத்த வருஷமும் நம்ம ஊருக்கு ஆட வரணும், அவன் மனசு நோகாம இதவிட நல்லா சிரிக்க வைக்கிறேன், முதல்ல கதையக் கேளுங்க" என்று சொல்லி, உட்கார வைத்து, அந்த உறுப்பினர் கேரக்டரை அங்கேயே நடித்துக் காட்டுங்கள். கமிட்டியில் அப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார், மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் வேலை முடிந்தது. அதற்கும் மசியவில்லை, மைதான் வேண்டும் என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து பேர் வயிற்றுப்பாடு, ஒரு ராத்திரிச் சம்பளம் போவது சின்ன விஷயம் இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

வேண்டாம் என்று சொன்ன அந்தப் பையனைத் தனியாக விட்டுவிடாதீர்கள், புது ஸ்கிரிப்டை அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள். சூளைக்குப் போய் வந்த பிறகு பய்யா ஸ்கிட்டின் புது வடிவத்தை எனக்கு அனுப்பினால் படித்துவிட்டு எழுதுகிறேன்.